கிடங்கிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து கிடங்குக்கும்: மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். மதுரையிலுள்ள எங்கள் மொத்த மருந்துக் கிடங்கிலிருந்து மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை மாவட்டங்களில் சரக்கு எடுத்துவரும் கடைக்காரர்கள், எங்கள் பிரதிநிதிகளிடம் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறார்கள். கேட்ட மருந்து கேட்ட அளவில் ஏன் சில நேரம் வருவதில்லை என்பது ஒன்று. திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் (அதன் தொகையைத் தங்கள் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) வர ஏன் தாமதமாகிறது, வந்தாலும் தொகை ஏன் குறைகிறது என்பது மற்றொன்று. இரண்டும் தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும், கிடங்குக்குள் நின்று பார்ப்பவருக்கு இவை ஒரே கணக்கின் இரு முனைகள். ஸ்ட்ரிப் எனும் மாத்திரை அட்டையின் மேல் அச்சாகியிருக்கும் பேட்ச் எண்ணும் (ஒரே தொகுதியாகத் தயாரான மருந்துக்குரிய எண்) காலாவதி மாதமுமே அந்தக் கணக்கை நடத்துகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதைத் தங்களுக்கு விளக்கமாக எழுத வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம்.

முதலில் கொள்முதலைச் சொல்கிறோம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மறுகொள்முதல் அளவு வைத்திருக்கிறோம். இருப்பு அதைத் தொட்டவுடன், மருந்து தயாரிக்கும் நிறுவனத்தின் சி அண்ட் எஃப் கிடங்குக்கு (நிறுவனத்தின் சார்பில் சரக்கை வைத்திருந்து மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும் கிடங்கு) ஆர்டர் போகும். எடுத்துக்காட்டாக, ஒரு மாத்திரை நாளொன்றுக்கு 40 ஸ்ட்ரிப் விற்கிறது, ஆர்டர் போட்டுச் சரக்கு வந்து சேர 5 நாளாகிறது என்று கொள்வோம். அந்த 5 நாளுக்கு 200 ஸ்ட்ரிப்பும், விற்பனை திடீரென ஏறினாலோ லாரி தாமதமானாலோ தாங்குவதற்கு மேலும் 100 ஸ்ட்ரிப்பும் சேர்த்து, இருப்பு 300-க்கு இறங்கும்போதே ஆர்டர் போட்டாக வேண்டும். மாதக் கடைசியில் சி அண்ட் எஃப் கிடங்குகளில் பில்கள் குவிவதால் சரக்கு வர ஓரிரு நாள் கூடும். அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே பாரசிட்டமாலையும் இருமல் மருந்துகளையும், கத்திரி வெயிலுக்கு முன்பே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் கூட்டி வைப்பது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் தாங்கள் தரும் ஆர்டர் மட்டுமே. ஒரு மருந்துக்குத் தட்டுப்பாடு வருகிறது என்ற பேச்சுக் கிளம்பியதும், 20 ஸ்ட்ரிப் தேவைப்படும் கடை 50 கேட்கிறது. அதே கடை மற்ற மொத்த வியாபாரிகளிடமும் 50 கேட்கிறது. கேட்பவரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது, ஏனெனில் மருந்து இல்லை என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது எந்தக் கடைக்காரருக்கும் மனம் ஒப்பாத செயல். ஆனால் அந்த 50 எங்கள் கணினியில் உண்மைத் தேவையாகவே பதிவாகிறது. நாங்களும் அதற்கேற்ப நிறுவனத்திடம் கூடுதலாகக் கேட்கிறோம். தட்டுப்பாடு தீர்ந்தபின் எல்லாருடைய அலமாரியிலும் தேங்கிய சரக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலாவதியாகித் திரும்பி வருகிறது. இடைப்பட்ட காலத்தில், உண்மையிலேயே 20 ஸ்ட்ரிப் தேவைப்பட்ட மலைக்கிராமத்துக் கடைக்கு அது கிடைக்காமற் போயிருக்கும். எனவே தட்டுப்பாடான மருந்துகளை, ஒவ்வொரு கடையின் முந்தைய மூன்று மாத விற்பனையைப் பார்த்தே பகிர்ந்து தருகிறோம். கேட்ட அளவு வராததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பகிர்வு என்பது பெரிய கடை, சிறிய கடை என்று பார்த்துச் செய்யப்படுவதில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறோம்.

பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்பது போன்ற சலுகைகளைப் பற்றியும் ஒரு சொல். சலுகைக் காலம் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஆறு மாதத் தேவையை ஒரே பில்லில் எடுக்கும் கடைகள் உண்டு. விற்றுத் தீரும் மருந்தென்றால் அது நல்ல வியாபாரமே. மருத்துவர் வேறு பிராண்டுக்கு மாறிவிட்டாலோ, எழுதிய மருத்துவரே ஊர் மாறிப் போய்விட்டாலோ, இலவசமாக வந்த ஒன்றுக்காகப் பணம் கொடுத்து வாங்கிய பத்தும் முடங்கிவிடும். இப்படி முடங்கும் என்று எங்கள் பிரதிநிதிக்குத் தோன்றினால் குறைத்து எடுக்கச் சொல்லும்படி அவருக்கு அறிவுறுத்தியிருக்கிறோம். அவர் விற்பனையில் ஆர்வமில்லாமல் பேசுகிறார் என்று தாங்கள் நினைத்துவிட வேண்டாம்.

சரக்கு கிடங்குக்குள் வந்ததும் பேட்ச் எண், காலாவதி மாதம், அதிகபட்ச சில்லறை விலை, எண்ணிக்கை ஆகிய நான்கும் பில்லோடு ஒத்துப் பார்க்கப்படும். பிறகு பெட்டிகள் தரையில் படாமல் மரப்பலகைகளின் மேலும், சுவரிலிருந்து இடைவெளி விட்டும் அடுக்கப்படும். லேபிளில் 25 பாகை செல்சியசுக்குக் கீழ் என்று இருப்பவை குளிரூட்டிய அறைக்கும், 30 பாகைக்குக் கீழ் என்று இருப்பவை காற்றோட்டமும் வெப்பமானியும் உள்ள கூடத்துக்கும் போகும். மதுரையின் மே மாத வெயிலில் கூரைக்கு நேர்கீழே அடுக்கிய பெட்டி எவ்வளவு சூடேறும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் கடையிலும் மேல்தட்டுச் சரக்கை அந்த மாதங்களில் கீழிறக்கி வைப்பது நல்லது.

அனுப்பும்போது எந்தப் பேட்ச் முதலில் வந்தது என்று பார்ப்பதில்லை. எது முதலில் காலாவதியாகுமோ அதுவே முதலில் வெளியேறும். பின்னால் வந்த பேட்ச்சின் காலாவதி முன்னதாக இருப்பது மருந்து வியாபாரத்தில் வழக்கமாக நடப்பதுதான். இதனால் சில நேரம் போன வாரம் தங்களுக்கு வந்த பேட்ச்சைவிட இந்த வாரம் வந்ததற்குக் காலம் குறைவாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கும் குறைவான காலமுள்ள சரக்கைத் தங்களிடம் முன்கூட்டிக் கேட்காமல் அனுப்புவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. பெயரிலும் அட்டையிலும் ஒத்திருக்கும் மருந்துகளை, மெட்ஃபார்மினையும் மெட்ரோனிடசோலையும் போன்றவற்றை, அடுத்தடுத்த தட்டில் வைப்பதில்லை. ஒருவர் எடுத்த சரக்கை மற்றொருவர் பில்லோடு சரிபார்த்த பிறகே பெட்டி ஒட்டப்படும். இருந்தாலும் பெட்டியைத் திறந்த அன்றே தாங்களும் ஒருமுறை பேட்ச் எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்சுலின், தடுப்பூசிகள், சில கண் சொட்டு மருந்துகள் ஆகியவற்றை நாங்கள் தனியாகவே நடத்துகிறோம். இவை 2 முதல் 8 பாகைக்குள் இருந்தாக வேண்டும். வெப்பம் இவற்றைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்து போவதும் அதே அளவுக்குக் கெடுக்கும் என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. உறைந்து இளகிய இன்சுலின் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கக்கூடும். ஆனால் அதைப் போட்டுக்கொள்பவரின் சர்க்கரை கட்டுக்குள் வருமென்று நம்ப முடியாது. அதனால்தான் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஜெல் பொட்டலத்தை அப்படியே மருந்தின் மேல் வைக்காமல், அதன் மேற்பரப்பு வியர்க்கும்வரை வெளியில் வைத்திருந்து, இடையில் அட்டை வைத்துத் தெர்மக்கோல் பெட்டியில் கட்டுகிறோம். பெட்டி தங்கள் கடைக்கு வந்தால் மற்ற சரக்கெல்லாம் எண்ணி முடியட்டும் என்று காத்திருக்காமல், முதலில் அதைப் பிரித்துக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், பின்சுவரையும் உறைபனிப் பகுதியையும் ஒட்டாமல் வைத்துவிட வேண்டுகிறோம்.

இந்த மருந்துகளை விற்கவில்லை என்ற காரணத்துக்காகத் திரும்ப எடுக்க இயலாது என்று நாங்கள் சொல்வதைச் சிலர் கடுமையாக நினைக்கிறார்கள். எங்கள் கதவைத் தாண்டிச் சென்ற குப்பி, மின்தடை நேரத்தில் எங்கே இருந்தது, வண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதை எங்களால் அறிய முடியாது. அறிய முடியாத ஒன்றை மீண்டும் தட்டில் வைத்து வேறொரு கடைக்கு விற்பது, அதை வாங்கும் நோயாளிக்குச் செய்யும் தீங்கு. பெட்டியைத் திறக்கும்போதே ஜெல் பொட்டலம் முழுக்க இளகிச் சூடாக இருந்தாலோ, மருந்து உறைந்திருந்தாலோ, அப்போதே புகைப்படத்தோடு தெரிவியுங்கள். அந்தச் சரக்குக்கு முழுத் தொகையையும் நாங்கள் ஏற்போம்.

மற்ற ரிட்டர்ன்களில், உடைந்ததும் மாறி வந்ததும் எளிதானவை. சரக்கு வந்த இரண்டு நாளுக்குள் சொன்னால் அடுத்த லைன் வண்டியிலேயே (தங்கள் பகுதிக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுவரும் எங்கள் வண்டி) மாற்றித் தருகிறோம். விற்காமல் தங்கிய நல்ல சரக்கை, காலாவதிக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கும்போது, அட்டை கிழியாமலும் கடையின் விலைச்சீட்டு ஒட்டாமலும் அனுப்பினால், அந்தப் பேட்ச் எங்களிடமிருந்து போனதுதானா என்று சரிபார்த்து ஏற்கிறோம். வேறிடத்தில் வாங்கிய பேட்ச்சை எங்களால் ஏற்க முடியாததற்கு அதன் வாங்கு விலையைவிட அதன் வரலாறு தெரியாததே முதன்மைக் காரணம். போலி மருந்து சந்தைக்குள் நுழைவதற்கு ரிட்டர்ன் வழி வசதியான வாசல்; அதை அடைத்து வைப்பது எங்கள் கடமை. 2023 ஆகஸ்டு 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் அட்டையில் கியூ.ஆர். குறியீடு இருக்க வேண்டும் என்ற விதி வந்தபின், அந்த மருந்துகளைத் தாங்களே கைபேசியில் சரிபார்க்கலாம்.

காலாவதியானவைதான் சிக்கலானவை. அட்டையில் ஒரு மாதம் மட்டுமே அச்சாகியிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தை விற்கலாம். அதன்பின் அதை விற்கவோ விற்பனைச் சரக்கோடு சேர்த்து வைக்கவோ கூடாது. நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால் மட்டும், மருந்துகள் விதிகள் 1945-இன் 65-ஆவது விதிப்படி, விற்பனைக்கு அல்ல என்று மேலே தெளிவாக எழுதிய பெட்டியில் தனியாக வைத்திருக்கலாம். ஆய்வாளர் வரும்போது இந்தப் பெட்டி தனியாக இருப்பதே தங்களுக்குப் பாதுகாப்பு. எங்கள் கிடங்கிலும் இதற்கென்று பூட்டிய அறை உண்டு. அங்கே வந்த எதுவும் விற்பனைத் தட்டுக்குத் திரும்புவதில்லை.

காலாவதிச் சரக்கை நிறுவனம் எத்தனை மாதத்துக்குள் ஏற்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தக் காலம் தாண்டி எங்களிடம் வந்தால், நாங்கள் நிறுவனத்திடமிருந்து ஒன்றும் பெற இயலாது. கிரெடிட் நோட் தாமதமாவதற்கும் இதுவே பெரிய காரணம்: பத்துப் பதினைந்து நிறுவனங்களின் சரக்கு ஒரே பையில் பேட்ச் விவரமின்றி வரும்போது, ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் பிரித்து, அது எந்தப் பில்லில் போனது என்று தேடி, நிறுவனவாரியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. தாங்கள் நிறுவனவாரியாகப் பிரித்து, பேட்ச் எண்ணும் எங்கள் பில் எண்ணும் எழுதிய தாளோடு அனுப்பினால், எங்கள் வேலையில் பாதி குறையும்; தங்கள் தொகையும் அதற்கேற்ப விரைவில் வரும்.

தொகை குறைவதற்குக் காரணம் வரி. ஒரு நிதியாண்டில் விற்ற சரக்குக்கு, அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரையில்தான் ஜி.எஸ்.டி.யைக் குறைத்துக் கிரெடிட் நோட் போட முடியும். மருந்தின் ஆயுள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு என்பதால், பல ஸ்ட்ரிப்புகள் காலாவதியாகும் முன்பே அந்த நாள் கடந்துவிடுகிறது. அதன்பிறகு கிரெடிட் நோட் தரலாம்; வரியைத் திரும்பப் பெற வழியில்லை, சரக்கின் மதிப்புக்கு மட்டுமே தர முடிகிறது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடைகள் தங்கள் பில்லிலேயே சரக்கைத் திருப்பி அனுப்பவும் 2018 அக்டோபரில் வந்த சுற்றறிக்கை இடம் தருகிறது. எது தங்களுக்கு ஏற்றது என்பதைத் தங்கள் கணக்காளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்குமுன் 12 விழுக்காட்டில் பில் போட்ட சரக்குக்கான வரிக் கிரெடிட் நோட் அதே 12 விழுக்காட்டிலேயே போடப்பட வேண்டும். பழைய பில் எண்ணை நாங்கள் வலியுறுத்திக் கேட்பது இதற்காகவும்தான்.

இவை எல்லாவற்றிலும் அவசரமானது, தரக் குறைவு கண்டறியப்பட்டு ஒரு பேட்ச் முழுவதையும் திரும்பப் பெறச் சொல்லும் அறிவிப்பு. உயிருக்கு ஆபத்தான வகையென்றால் 72 மணி நேரத்துக்குள் சரக்கு சந்தையிலிருந்து வெளியேற வேண்டும். எந்தக் கடைக்கு எந்தப் பேட்ச் போனது என்ற பதிவு எங்களிடம் இருப்பதால் உரிய கடைகளை உடனே அழைக்க முடிகிறது. எங்கள் அழைப்பு வந்ததும், அந்தப் பேட்ச்சைத் தட்டிலிருந்து அகற்றி, எத்தனை இருந்தது, எத்தனை விற்றது என்று அன்றே சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றாலும் அந்தப் பதில் எங்களுக்குத் தேவை.

இனி ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், அடுத்த மூன்று மாதத்துக்குள் காலாவதியாகவிருக்கும், எங்களிடமிருந்து தாங்கள் வாங்கிய பேட்ச்களின் பட்டியலை ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியே வாட்ஸ்அப்பில் அனுப்ப இருக்கிறோம். அதில் எவை இன்னும் தங்கள் அலமாரியில் இருக்கின்றன என்று குறித்து, 15-ஆம் தேதிக்குள் லைன் பிரதிநிதியிடம் தந்தால், விற்கக்கூடியவற்றை அந்த மருந்து வேகமாக விற்கும் வேறு கடைக்கு எங்கள் வழியாக மாற்ற முயல்வோம். மற்றவற்றை நிறுவனத்தின் கெடுவுக்குள் அனுப்பிவிடுவோம். தங்கள் உரிமத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டும் தக்கவைப்புக் கட்டணத்தின் ரசீது நகல் எங்களிடம் பழையதாக இருந்தால், அதையும் அதே நாளில் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்ப வேண்டுகிறோம்; அது கோப்பில் இல்லாமல் புதிய பில் போட எங்களுக்கு அனுமதியில்லை.

தங்கள் உண்மையுள்ள,
கிடங்கு மேலாளரும் பணியாளர்களும்
மதுரை