களியாகிப் போன ரைஸ் நூடுல்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'காய்கறி ரைஸ் நூடுல்ஸ்' என்று ஒரு சமையல் குறிப்பு போட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானமே கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்து, ஒன்றைப் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், வடித்தேன், எண்ணெய் விட்டுப் பிரித்தேன், குறிப்பில் இருந்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். வாணலியில் போட்டு நாலு புரட்டு புரட்டியதும் மொத்தமும் ஒட்டிக்கொண்டு களியாகிவிட்டது. தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்த பிள்ளைகளுக்குக் கரண்டியால் வெட்டித்தான் வைக்க முடிந்தது. சின்னவன் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கொழம்பு எங்கம்மா?" என்றான்.

பாதித் தப்பு என்னுடையதுதான். குறிப்பில் எட்டு நிமிடம் வேக வைக்கச் சொல்லியிருந்தது, நான் பன்னிரண்டு நிமிடம் விட்டேன். மலையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இது கையில் ஊறிய பழக்கம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீயைக் கூட்டினாலும் நூறுக்கு ஏறாது. எங்கள் கோத்தகிரி அதைவிடக் கொஞ்சம் தாழ்வு, அதனால் ஒன்றிரண்டு டிகிரி கூட இருக்கும், அவ்வளவுதான். துவரம்பருப்போ கொண்டைக்கடலையோ குக்கர் இல்லாமல் இங்கே வேகாது. கீழே இருப்பவர்கள் எழுதுகிற எந்தக் குறிப்பைப் படித்தாலும் நாலு நிமிடம் சேர்த்துப் படிப்பதுதான் வழக்கம். ஆனால் அரிசி மாவிடம் இந்தக் கணக்கு செல்லாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அரிசியில் இருக்கிற மாவுச்சத்து 70, 80 டிகிரிக்கெல்லாம் தண்ணீரை இழுத்து உப்பி வெந்துவிடுகிறது. அதற்கு எங்கள் ஊர்க் கொதிநீரே தாராளம்.

சரி, என் பங்கைக் கழித்துவிட்டுப் பார்ப்போம் என்று மறுநாள் இன்னொரு பாக்கெட்டில் பாதியை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எட்டே நிமிடம் வேக வைத்தேன். களி ஆகவில்லை, ஆனால் புரட்டப் புரட்ட ஒடிந்து புட்டு மாதிரி உதிர்ந்தது. ஆக மீதிப் பாதித் தப்பு உங்கள் குறிப்பினுடையது. அதிலேயே இன்னொரு தப்பும் இருக்கிறது, அது களி, புட்டு என்று சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இல்லை. அதற்கு வருகிறேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் என் மாமியார். அத்தை பிறந்தது இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று 1964இல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அப்புறம் நீலகிரிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தாயகம் திரும்பியோர் என்பார்கள், கூடலூர், கோத்தகிரி பக்கம் எங்களைப் போல நிறையப் பேர். நான் புட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் மிச்ச பாக்கெட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு இழையை ஒடித்து வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, "என்னா புள்ள, இது காஞ்ச இடியாப்பம்தானே? அவிச்ச இடியாப்பத்தப் போயி யாராச்சும் திரும்ப அவிப்பாங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் விஷயம். நூடுல்ஸ் என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. அரிசியை ஊற வைத்து அரைத்து, மாவை ஆவியில் வேக வைத்து, அச்சில் பிழிந்து, மறுபடி ஆவி காட்டி, ஆறவிட்டுக் காய வைத்தால் மெல்லிய ரகம். கரைத்த மாவைத் தகடாக ஊற்றி ஆவியில் வேக வைத்துக் கீற்றாக நறுக்கிக் காய வைத்தால் பட்டை ரகம். இரண்டுமே நம் கைக்கு வரும்போது வெந்து முடிந்த பண்டம், இழந்த தண்ணீரைத் திருப்பிக் கொடுத்தால் போதும். மைதா நூடுல்ஸ் அப்படியில்லை. கோதுமை மாவில் குளூட்டன் என்கிற புரதம் இருப்பதால் ரப்பர் மாதிரி இழையைப் பிடித்துக்கொள்ளும், கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் தாங்கும். அரிசியில் அந்தப் பிடிமானம் கிடையாது. மைதா நூடுல்ஸ் குறிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. குறிப்பின் மேலே 'சீனத்துச் சிறப்பு உணவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இருக்கட்டும், ஆனால் நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமில்லை. மலையிறங்கிக் கோயம்புத்தூர் பக்கம் போனால் சந்தகை, மற்ற இடங்களில் சேவை, எலுமிச்சைச் சேவை, தேங்காய்ச் சேவை. மலேசியாவில் வேலை பார்க்கிற என் தம்பி காலைச் சாப்பாட்டுக்கே மீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்தான்) பிரட்டல் வாங்கிச் சாப்பிடுவதாகச் சொல்வான். அத்தைக்கு இலங்கையில் பழகிய இடியாப்பக் கொத்து. முதல் நாள் மிஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கேரட், லீக்ஸ் எல்லாம் போட்டு முட்டை ஊற்றிக் கொத்துவது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். சாஸ் ஊற்றினால் சீனம், கறிவேப்பிலை போட்டால் கொத்து.

ஊற வைப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல். 'அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரில் அரை மணி நேரம்' என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறார்கள். எந்த ஊர் அறை என்று போடவில்லை. சென்னையில் அறை என்றால் முப்பது டிகிரி, எங்கள் சமையலறையில் மார்கழிக் காலையில் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாத நாட்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டாலும் நடுவில் குச்சி மாதிரிதான் இருக்கும். அதனால் நான் இப்போது செய்வது இதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை இறக்கி வைத்த பிறகு நூடுல்ஸைப் போட்டு மூடுகிறேன். மெல்லிய ரகத்துக்கு மூன்று நான்கு நிமிடம், பட்டை ரகத்துக்கு எட்டுப் பத்து. நடுவில் ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றிப் பார்க்க வேண்டும், ஒடியாமல் சுற்ற வேண்டும், கடித்தால் உள்ளே கொஞ்சம் விறைப்பு தெரிய வேண்டும். அந்த விறைப்பு வாணலியில் சரியாகிவிடும். முழுக்க மெத்தென்று ஆகும்வரை விட்டால் கதை கந்தல். உடனே வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசி, அகலமான தட்டில் பரப்பி ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிற வேண்டும். அலசுகிற விஷயத்தில் மட்டும் எங்கள் குழாய்த் தண்ணீரை அடித்துக்கொள்ள ஆளில்லை, டிசம்பரில் கை மரத்துப்போகும்.

காய்கறியைப் பற்றி உங்கள் குறிப்பு ஒரே வரியில் 'விருப்பமான காய்கறிகள் ஒரு கப்' என்று முடித்துவிட்டது. இங்கே அப்படி ஒரு வரியில் தாண்டிப் போக மனசு வரவில்லை. கேத்தியிலும் நெடுகுளாவிலும் தோண்டுகிற கேரட், மிஷினில் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. இரண்டாகப் பிளந்து கால் முளைத்த மாதிரி இருக்கும் கேரட்டையும் ஒடிந்ததையும் கழித்துவிடுவார்கள், ருசியில் ஒரு குறையும் கிடையாது. புரோக்கோலி, சுகுனி, சைனீஸ் கேபேஜ், செலரி, லீக்ஸ் இதையெல்லாம் நாங்கள் 'இங்கிலீஷ் காய்கறி' என்போம். எங்கள் மண்ணில் விளைந்து வெளியூர் நட்சத்திர ஓட்டல்களுக்குப் போகிறவை, விளைவிக்கிறவர் வீட்டு அடுப்பில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. எப்படிச் சமைப்பது என்று தெரியாததுதான் காரணம், வேறென்ன. சாம்பாரில் புரோக்கோலி போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அத்தைக்கு மட்டும் லீக்ஸைக் கண்டால் முகம் மலரும், வெள்ளைப் பகுதியை வெங்காயத்தோடு வதக்கி, பச்சைத் தாளைக் கடைசியில் தூவுவார். முட்டைக்கோஸைவிடச் சைனீஸ் கேபேஜ் இதற்குப் பொருத்தம், தண்டை முதலிலும் இலையை இறக்குவதற்கு அரை நிமிடம் முன்னாலும் போட வேண்டும். கேரட்டையும் பீன்ஸையும் தீக்குச்சி அளவுக்கு நறுக்கி முதலில் வதக்க வேண்டும், குடைமிளகாய் அப்புறம். உப்பை முன்னால் போட்டால் காய் தண்ணீர் விட்டு வாணலியே ரசமாகிவிடும், அதனால் உப்பு கடைசியில்தான்.

வறுப்பது என்றால் ஓட்டலில் அடுப்பு ஜுவாலை வாணலிக்கு மேலே எழும், நம் வீட்டில் அது நடக்காது. பனிக்காலத்தில் சிலிண்டருக்குள் இருக்கிற திரவம் குளிரில் சரியாக ஆவியாகாமல் கேஸ் மந்தமாக எரியும், மலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. (அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.) ஒரே வழி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதுதான். நாலு பேருக்கு 200 கிராம் போதும், அதையும் இரண்டு தடவையாகப் பிரித்து, கனமான இரும்பு வாணலியை நன்றாகப் புகை வரும்வரை காய வைத்து வறுத்தால் காய் நறுக்கென்று இருக்கும். மொத்தத்தையும் ஒரே தடவை கொட்டினால் வாணலி ஆறிப்போய் எல்லாம் ஆவியில் அவிகிறது, திரும்பவும் களிதான். சாஸ், மிளகு, ஒரு சிட்டிகை சர்க்கரை எல்லாவற்றையும் முன்னாலேயே ஒரு கிண்ணத்தில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள், நூடுல்ஸ் வாணலியில் இருக்கும்போது பாட்டில் மூடியைத் தேடிக்கொண்டு நிற்க நேரமிருக்காது. கரண்டியால் அழுத்திக் கிளறக் கூடாது, இடுக்கியால் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். இழை விறைப்பாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்தால் சரியாகிவிடும்.

இப்போது அந்த இன்னொரு தப்பு. குறிப்பின் முதல் வரியில் 'கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்' என்று எழுதிவிட்டு, தேவையான பொருட்களில் 'சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி' என்று போட்டிருக்கிறீர்கள். சோயா சாஸை வழக்கமாகச் சோயாவோடு கோதுமையையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் அது இருக்கும். பக்கத்து வீட்டில் ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு சீலியாக் என்கிற வியாதி, கோதுமை கொஞ்சம் உள்ளே போனாலும் குடலைப் பாதிக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் குழந்தையின் அம்மா உங்கள் குறிப்பைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். பிள்ளைக்கு நூடுல்ஸ் செய்து கொடுக்கலாம் என்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நல்லவேளை, சாஸ் பாட்டிலை இரவல் கேட்டு என் வீட்டுக்கு வந்தாள், இரண்டு பேரும் சேர்ந்து பின்பக்கத்தைப் படித்தோம். அதற்கப்புறம் பயத்தில் சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படித்தோம், கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு இருக்கிறது. சில பாக்கெட்டுகளில் முன்னால் அரிசி என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பின்னால் கோதுமையையும் எழுதியிருக்கிறார்கள், அதையும் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு நாங்கள் செய்து கொடுத்தது சாஸே இல்லாமல்தான். கெட்டியான புளிக்கரைசல், கொஞ்சம் வெல்லம், உப்பு, மிளகுத்தூள், இறக்கும்போது வறுத்துப் பொடித்த வேர்க்கடலை. தாய்லாந்தில் பத் தாய் என்று பெயர் பெற்ற அரிசி நூடுல்ஸும் புளி, பனஞ்சர்க்கரை, வேர்க்கடலை கூட்டணிதான் (அவர்கள் மீன் சாஸும் விடுவார்கள்), நம் அஞ்சறைப் பெட்டிக்கு அவ்வளவு தூரமில்லை. வாணலியையும் கரண்டியையும் தேய்த்துக் கழுவிவிட்டு அவளுக்கு முதலில் செய்தோம், எங்களுக்கு அப்புறம்.

வேக வைக்கிற விஷயத்தைத் திருத்தாவிட்டாலும் பரவாயில்லை, ஆளுக்கொரு தடவை களி தின்றால் தெரிந்துகொள்வார்கள். கோதுமை விஷயத்துக்கு மட்டும் வருகிற ஞாயிறே, குறிப்பு வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஓரத்தில் பொடியாகப் போட்டால் கத்தரித்து ஒட்டியவர்கள் பார்க்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்