பாதி தோல் சீவிய உருளைக்கிழங்கு

மதிப்பிற்குரிய ஃபிரான்சஸ் க்ளெஸ்னர் லீ அம்மாவுக்கு,

போலீஸ் பயிற்சிக்காக நீங்கள் செய்து வைத்த அந்தச் சமையலறையின் படத்தை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓர் அடியை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பொம்மை அறை. அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் இறந்து கிடக்கிறாள். கேஸ் திறந்திருக்கிறது. கதவிடுக்கில் செய்தித்தாளைத் திணித்து அடைத்திருக்கிறது. தற்கொலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியில் உருளைக்கிழங்கு பாதி தோல் சீவியபடி கிடக்கிறதே! சாக முடிவெடுத்தவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏன் கிழங்கு சீவ வேண்டும்? தினமும் அடுப்படியில் நிற்பவர்களுக்கு இந்தக் கேள்வி சட்டென்று வரும். போலீஸ்காரர்களுக்கும் அது வர வேண்டும் என்றுதானே அறுபது வயதுக்கு மேல் இந்த வேலையில் இறங்கினீர்கள்?

உங்கள் அண்ணன் ஹார்வர்டுக்குப் போனார். நீங்கள் வீட்டிலேயே படித்தீர்கள். அண்ணனின் நண்பர் மக்ராத் பாஸ்டனில் பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவர். மருத்துவமே படிக்காதவர்கள் பல ஊர்களில் மரணத்துக்குக் காரணம் எழுதுவதையும், தடயங்கள் காலில் மிதிபட்டுப் போவதையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டீர்கள். அப்புறம் உங்கள் பணத்தில்தான் 1931-ல் ஹார்வர்டில் சட்ட மருத்துவத் துறை தொடங்கியது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவிகளைச் சேர்க்க ஆரம்பித்ததோ 1945-ல். அதே ஆண்டு நீங்கள் அங்கே போலீஸ்காரர்களை உட்கார வைத்துப் பயிற்சி நடத்தினீர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பணக்காரப் பாட்டியின் பொம்மை விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குண்டூசிகளால் பின்னிய ஸ்டாக்கிங்ஸ், நிஜப் புகையிலை வைத்துச் சுருட்டிய சிகரெட், தச்சர் ரால்ஃப் மோஷர் இழைத்த கதவு, ஜன்னல். இதெல்லாம் அழகுக்காகச் செய்ததில்லை. ஒரு பொருள் பொய்யாகத் தெரிந்தாலும் பார்க்க வந்தவர் அறையை நம்ப மாட்டார். இறந்த உடலில் ரத்தம் தேங்கி நிறம் மாறுவதைக்கூடப் பொம்மையின் தோலில் சரியாகத் தீட்டினீர்கள். குளியல் தொட்டியில் ஒரு பெண் கால்கள் விறைத்து மேலே நிற்க, முகத்தில் தண்ணீர் விழக் கிடக்கிறாளே, அந்தக் காட்சியை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. இறந்த பிறகு உடலில் வரும் அந்த விறைப்பு வந்தபோது அவள் எங்கே, எப்படிக் கிடந்தாள்?

மாளிகையில் வளர்ந்த நீங்கள் செய்ததில் பல, வாடகை அறைகளும் எளிய குடும்பங்களின் வீடுகளும். இறந்தவர்களில் பலர் பெண்கள். உயிரோடு இருந்தபோது அந்த அறைகளை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓரத்தில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். உடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்பதற்காக.

1943-ல், 65 வயதில், நியூ ஹாம்ப்ஷயர் மாநில போலீஸ் உங்களை கேப்டன் ஆக்கியது. 1962-ல் நீங்கள் காலமான பிறகு ஹார்வர்டு அந்தத் துறையை மூடிவிட்டது. ஆனால் பொம்மை அறைகள் பால்டிமோருக்குப் போய்ச் சேர்ந்து, பதினெட்டு அங்கே இருக்கின்றன. இன்றும் அவற்றை வைத்துப் பயிற்சி நடக்கிறது. அதனால்தான் விடைகளை வெளியே சொல்வதில்லை.

நானும் விடை கேட்டு எழுதவில்லை, அம்மா. சமையலறைத் தொட்டியைப் பார்த்தாயிற்று. ஜன்னல் பக்கம் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மாணவி