முகத்து எண்ணெயும் மருந்துக்கடைக் களிம்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைப் பள்ளியொன்றில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி, முகத்தில் எண்ணெய் வழிகிறதென்று நாளுக்கு ஆறேழு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கன்னமெல்லாம் எரிச்சலோடு வந்து நின்றதே இக்கடிதத்தை எழுத வைத்தது.

உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக ஏறத்தாழ உடலெங்கும் எண்ணெய்ச் சுரப்பிகள், பெரும்பாலும் மயிர்க்காலை ஒட்டியே, அமைந்துள்ளன. முகத்திலும் தலையிலும் சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை நெருங்கியிருக்கின்றன. இவற்றின் செல்கள் கொழுப்பால் நிரம்பி, வெடித்துச் சிதைந்து, அந்தச் சிதைவே எண்ணெயாகி மேலே வருகிறது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வியந்து கேட்பார்கள். தோலை மென்மையாக வைத்திருக்கும் அந்த எண்ணெயை அழுக்கென்று எண்ணுவதுதான் பிழை. வளரிளம் பருவத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் சுரப்பிகளைத் தூண்ட, இறந்த செல்கள் மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்ள, உள்ளே தேங்கிய எண்ணெயில் நுண்ணுயிரிகள் பெருகிப் பரு வீங்குகிறது. உள்ளே இருக்கும் அடைப்பு மேலே தேய்ப்பதால் நீங்காது. காரத்தன்மை மிகுந்த சோப்போ, இலேசான அமிலத்தன்மை கொண்ட தோலின் காப்பையே குலைத்துவிடும். காலையும் மாலையும் மென்மையாகக் கழுவினால் போதும். தலையில் வழிய வழியத் தேங்காயெண்ணெய் தடவிப் பின்னும் மாணவியர் பலருக்கு நெற்றியோரத்தில் பரு மிகுந்திருப்பதையும் கண்டிருக்கிறேன்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. எங்கள் பகுதி மருந்துக்கடை ஒன்றில், மருத்துவர் சீட்டைக் கேட்காமலே, "பருவும் போகும், நிறமும் வரும்" என்று பேத்தியிடம் ஒரு களிம்பைக் கொடுத்திருக்கிறார்கள். ட்யூபைத் திருப்பிப் பார்த்தால், பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, அதாவது தோல் அழற்சியைத் தணிக்கும் வீரியமான மருந்து. முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியத் தொடங்கி, பருவே அதிகமாகும். திடீரென நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். இத்தகைய களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என மத்திய அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் இந்த விற்பனையைச் சோதிக்க வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய ஸ்டீராய்டுகளின் பெயர்களைத் தாங்கள் பெரிய எழுத்தில் வெளியிட்டால், பெற்றோர் ட்யூபைப் படித்துப் பார்ப்பார்கள். பரு தொல்லை தருமானால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
திருநகர், மதுரை.