பிணம் கிடந்த இடம் எந்தச் சரகம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குற்றக்கதை எழுத்தாளர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசியதை எட்டுப் பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், மாதத்துக்கு எத்தனை நாவல், பேனாவா கம்ப்யூட்டரா, டீயா காபியா எல்லாம் வந்துவிட்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எப்படிச் சோதிக்கிறார் என்பது மட்டும் வரவில்லை. கவிதையைத் தனியாக உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம். கொலைக்கதைக்கு, அச்சுக்குப் போகுமுன் "இது நடக்குமா வே?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டம் கூடிய ஊர் எங்கள் திருநெல்வேலி. ரசிகமணி டி.கே.சி. வீட்டில் ஒரே பாட்டை எல்லோருமாகச் சேர்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தது போல, சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் ஒரு மகஜரை நான்கு எழுத்தாளர்கள் புரட்டிப் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திருநெல்வேலியைக் களமாக வைத்து வரும் கதைகளில் அடிக்கடி இடறும் இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் பிணம். டாக்டர் தொட்டுப் பார்ப்பார், உடல் சில்லிட்டிருக்கும், "இறந்து நாலு மணி நேரம் ஆச்சு" என்பார். மணிக்கு ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்ற அந்த வாய்பாடு குளிர்நாட்டுக் கதைகளிலிருந்து வந்தது. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 39, 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும்போது, பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும் உடல் எப்படிக் குளிரும்? உயிரோடு இருப்பவனின் சூடே 37தானே. விறைப்பும் அப்படித்தான். கோடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண்ணிமையிலும் தாடையிலும் தொடங்கி உடம்பெங்கும் பரவி, 18 முதல் 36 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தளர்ந்துவிடும். மூன்றாம் நாள் கதவை உடைத்து, கட்டைபோல் விறைத்த உடலைக் கண்டெடுக்கும் கதை இந்த ஊர் வெயிலில் நிற்காது. வலது அடிவயிற்றில் பச்சை படர்வதற்கே கோடையில் 12 முதல் 18 மணி நேரம் போதும். மூன்றாம் நாள் என்றால் வயிறு உப்பி, புழு வைத்து, தெருவே மூக்கைப் பொத்தியிருக்கும். கதவை உடைக்க இன்ஸ்பெக்டர் வரவேண்டியதில்லை, எதிர்வீட்டு ஆச்சியே ஆள் கூட்டியிருப்பாள்.

இது எழுத்தாளருக்கு நஷ்டம் போலத் தோன்றும், ஆனால் லாபம்தான். நிமிஷக் கணக்காக நேரம் சொல்லும் டாக்டர் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுவார். "நேற்று மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் நடுவில்" என்று சொல்கிற டாக்டர், சந்தேகப்பட நாலு பேரைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

நள்ளிரவுப் பிரேதப் பரிசோதனை இன்னொரு தொல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒரு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு அறுக்கும் காட்சி படத்துக்கு அழகு. வசதியுள்ள மருத்துவமனைகளில் பொழுது சாய்ந்த பிறகும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பரில் சொன்னது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, அழுகிய உடல் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குச் சிக்கல் என்றால்தான் விதிவிலக்கு. அந்தச் சிக்கலைக் கதைக்குள் கொண்டுவர முடியுமானால் விளக்கைப் போடலாம். இல்லையென்றால் விடியும்வரை எல்லோரும் பிணவறை வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதே ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

ஆற்றில் கிடைத்த உடலைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் மூழ்கி இறந்தவரா, கொன்று போட்டார்களா என்று பார்க்க எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசியைத் தேடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே இடத்து ஆற்றுத் தண்ணீரும் பாட்டிலில் போகவேண்டும். கதைகளில் அந்தப் பாட்டிலை யாரும் எடுப்பதே இல்லை.

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. சிந்துபூந்துறைக் கரையில் ஒதுங்கினால் ஒரு ஸ்டேஷன், எதிர்க்கரை கொக்கிரகுளம் என்றால் வேறு ஸ்டேஷன். தண்டவாளத்தில் கிடந்தால் இருப்புப்பாதை போலீஸ். மாநகருக்குள் கமிஷனர், வெளியே எஸ்.பி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் சங்கரன்கோவில் கொலையை நெல்லை எஸ்.பி. வந்து பார்வையிடுகிறார், நாவலில். எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியவேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பதிந்த பிறகு கோப்பு எல்லைக்குரிய ஸ்டேஷனுக்குப் போகும். அந்தப் போக்குவரத்தில் கரையும் மணிநேரங்களைக் குற்றவாளிக்குக் கொடுக்கலாம்.

பிரிவு எண்களில் கதை நடக்கும் தேதியைப் பார்க்கவேண்டும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த கொலை என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 302தான். அதற்குப் பின் நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(1). சந்தேக மரணத்துக்கு, பழைய நடைமுறைச் சட்டத்தின் 174 புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. முதலில் சந்தேக மரணம் என்று பதிந்து, பரிசோதனை அறிக்கை வந்ததும் கொலையாகப் பிரிவு மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். நல்ல திருப்பம் அந்தத் தாளில் இருக்கிறது. கதைகளிலோ முதல் பக்கத்திலேயே "இது கொலைதான்!" என்று இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிடுகிறார். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு என்பதும் பலருக்கு மறந்துபோகிறது.

ஒப்புதல் வாக்குமூலம்தான் பெரிய ஓட்டை. கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன் இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டுவான், சுபம். போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் நிஜ வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிகளாக அடிக்கடி வருகிறார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து, அரிவாளைக் கைப்பற்றிய மகஜரில் கையெழுத்து, பிறகு மாதக்கணக்கில் கோர்ட் வாசல். குற்றவாளி நேரே வி.ஏ.ஓ.விடம் போய் ஒப்புக்கொண்டான் என்ற வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "முன்பின் பழக்கமில்லாத உங்களிடம் அவன் ஏன் வந்தான்?" அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் நாவல் அபூர்வம். அது போல, எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதிலும் வழக்குகள் உடையும். அதைக் கொண்டுபோன காவலர் வழியில் எங்கே நின்றார்? ஒரு நாவலே எழுதலாம்.

பயணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24 முதல்தான். அதற்கு முந்தைய கதையில் எட்டு மணி நேரத்தில் ரயிலில் போய்ச் சேர்ந்து அலிபி தயார் செய்ய முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் கதை நடந்தால் திருச்செந்தூர் ரயிலில் யாரும் தப்பக் கூடாது. செந்தூர் எக்ஸ்பிரஸே ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்ற நாள் அது. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் கார் துரத்தல் வேண்டாம். மாஞ்சோலைக்குப் பிணத்தோடு போகும் கார், மணிமுத்தாறு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இதையெல்லாம் ஒருவரே பார்த்துக்கொள்வது கஷ்டம். சுபா என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்க அங்கே வழி இருக்கிறது. மற்றவர்கள் ஒரு நீளக் கணக்கு நோட்டு போடலாம். நாள், மணி, யார் எங்கே, அந்த ஆளுக்கு அப்போது என்ன தெரியும், வாசகருக்கு என்ன தெரியும் என்று ஐந்து பத்தி. கடைசி இரண்டு பத்தியும் குழம்பினால்தான் கதை கெடும். வாராந்தரத் தொடர் என்றால் கட்டாயம் வேண்டும். பத்தாவது வாரத்தில் வேலைக்காரன் இடதுகைக்காரன் என்பது எழுதியவருக்கே மறந்துபோகும்.

பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். இங்கே தாத்தா பெயரைப் பேரன்மார் எல்லோருக்கும் வைப்பார்கள். ஒரே தெருவில் மூன்று சுடலைமுத்து இருப்பது நிஜம், வாசகருக்குத் தலைவலி. ஒன்று, பட்டப்பெயர் கொடுத்துப் பிரிக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் குழப்பத்தையே ஒரு துப்பாக மாற்றிவிடவேண்டும்.

பிறகு கையெழுத்துப் பிரதியை மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்தி ஐந்து பேரிடம் கொடுத்து, "யார்?" என்று எழுதி வாங்கவேண்டும். ஐந்து பேரும் ஒரே பெயரை எழுதினால் துப்பு கத்துகிறது. முடிவைப் படித்தபின்னும் "இது எங்கே வந்தது?" என்று ஐவரும் கேட்டால் துப்பு வைக்கவே இல்லை. இரண்டு பேர் சரியாகச் சொல்லி மூன்று பேர் தலையில் அடித்துக்கொண்டால் பிரதி தயார். மூன்று சாமான்களை வரிசையாகச் சொல்லும்போது துப்பை நடுவில் வைக்கவேண்டும், முதலிலோ கடைசியிலோ வைத்தால் கண்ணில் குத்தும். வாசகர் வேறு எதற்காகவோ மனம் கலங்கியிருக்கும் காட்சியில் வைத்தால் இன்னும் நல்லது.

உள்ளூர்த் துப்புக்கு ஓர் உதாரணம்: தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிக் குழம்பு. திருநெல்வேலி சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில்தான் சொதி. "முகூர்த்தத்தன்று பந்தியில் சொதி சாப்பிட்டேன்" என்று ஒருவன் சொன்னால், அவன் அந்தப் பந்தியில் உட்காரவே இல்லை என்று நெல்லை வாசகர் அப்போதே பிடித்துவிடுவார். வெளியூர்க்காரருக்கு விளங்க, இருபது பக்கம் முன்னால் ஓர் அத்தை "மறுவீட்டுக்குத் தேங்காய் பத்துமா?" என்று கவலைப்பட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.

பின்குறிப்பு: உங்கள் இதழில் இப்போது வரும் தொடர்கதையின் 7ஆம் அத்தியாயத்தில், தாலி கட்டி முடிந்த கையோடு மாப்பிள்ளைத் தோழன் சொதி ஊற்றிச் சாப்பிடுகிறான். அது துப்பு என்றால் சபாஷ். இல்லையென்றால், புத்தகமாகும்போது சாம்பார் ஆக்கிவிடச் சொல்லுங்கள்.