குடிபோவதென்றால் எந்த நாட்டுக்கு?

பாளையங்கோட்டை,
ஆனி மாதம்.

அன்புள்ள கணபதி,

உன் கடிதம் கிடைத்தது. கனடாவில், ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் நீயும் மதினியும் நலமாக இருப்பதையும், பேரன் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்குப் போவதையும் படித்து மகிழ்ந்தோம். இங்கே நெல்லையப்பர் கோவில் ஆனித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியிருப்பதால் தென்காசிப் பேருந்துகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. எனக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது, சர்க்கரை குறையவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். மீதிக் கடிதம் நீ கேட்ட கேள்விக்கு உரியது.

"இனி வெளிநாட்டில்தான் வாழவேண்டும், எந்த நாடு என்பதை நீயே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொன்னால் எதைச் சொல்வாய்?" என்று கேட்டிருந்தாய். விளையாட்டுக் கேள்வி போல எழுதியிருந்தாலும், கனடா என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறாய் என்பது அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிட்டது. சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அந்நாட்டு நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றுக்கொண்டதையும், பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம் என்பதையும், முருங்கைக்காய் முதல் பனங்கிழங்கு வரை கடைகளில் கிடைப்பதையும் ஒரு வழக்கறிஞரைப் போல அடுக்கியிருந்தாய். அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தபோது, கோவிலுக்கு மருமகன் கொண்டுபோய் விட்டார், நூலகத்திலிருந்து மகள் வந்து அழைத்துக்கொண்டாள், மருத்துவரிடம் போக மகள் ஒருநாள் விடுப்பு எடுத்தாள் என்றே ஒவ்வொரு பயணமும் எழுதப்பட்டிருப்பதைக் கவனித்தேன். பேருந்து இல்லாத ஊரல்ல அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பனி உறைந்து கிடக்கும் நடைபாதையில் நம் வயதுக்காரர் ஒருவர் நிறுத்தம் வரை நடந்துபோவதை எந்த மகள் அனுமதிப்பாள்?

அதனால் நாட்டை எடைபோட எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்து, யாரையும் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே இறங்கி, ஒரு செய்தித்தாள் வாங்கி, தேநீர் குடித்து, அறிமுகமில்லாத நாலு பேரிடமாவது பேசிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சொந்தக் காலில் வீடு திரும்ப முடிகிற இடமாக அது இருக்கவேண்டும். சம்பளம், தூய்மை, ஒழுங்கு என்று மற்றவர்கள் பார்ப்பதெல்லாம் வேலைக்குப் போகிற வயதுக்கு முக்கியமாக இருக்கலாம். ஓய்வூதியக்காரனுக்கு வேண்டியது பகல் பொழுது. அதைப் பிறர் தயவில்லாமல் கழிக்க எந்த ஊர் இடம் கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வளைகுடா நாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலப்பாளையத்திலிருந்து போய் வருகிற பிள்ளைகள் சொல்லக் கேட்டவரையில், உழைப்புக்கு அங்கே மதிப்பு உண்டு, முதுமைக்கு இடம் குறைவு. ஜப்பான் சில நாள் என் மனத்தில் இருந்தது; மக்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதால் அங்கே கிழவனைக் கண்டு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் பெரும்பாலான சாறுகளுக்கும் குழம்புகளுக்கும் அடிப்படையாக அவர்கள் பயன்படுத்துவது உலர்த்திச் சீவிய சூரை மீன் என்று தெரிந்தவுடன், மூன்று தலைமுறைச் சைவக் குடும்பத்தில் பிறந்த என் ஆசை அவிந்துவிட்டது. மூன்று வகை எழுத்துகளை இந்த வயதில் கற்பதற்கும் தெம்பில்லை.

சிங்கப்பூரைத் தள்ளுவது அவ்வளவு எளிதாக இல்லை. தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. நம் கடையநல்லூர், தென்காசி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வேர்விட்டவர்கள். கடையநல்லூர்க்காரர்கள் 1941-இலேயே அங்கே சங்கம் கண்டு, பின்னர் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நடத்தினார்கள் என்பது நம் மாவட்டத்துக்கே பெருமை. (இப்போது அது தென்காசி மாவட்டம் என்று நீ திருத்துவாய்; 2019-க்கு முன் நடந்த பெருமைகள் எல்லாம் நமக்கும் சேரும்.) கார் வாங்கும் உரிமைச் சீட்டுக்கே ஏலம் கேட்க வேண்டிய நாடு என்பதால் பேருந்தும் ரயிலும் சிறப்பாக ஓடுகின்றன. என் அளவுகோலுக்கு இவையெல்லாம் பொருந்துகின்றன. ஆனால் அந்த ஊரின் உணவங்காடிகளில், என்னைவிட மூத்தவர்கள் தட்டு எடுத்துக்கொண்டும் மேசை துடைத்துக்கொண்டும் இருப்பதைப் பார்த்தபோது, நான் அங்கே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. உழைப்பில் இழிவு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், சும்மா இருக்கிற மனிதன் எதிலோ தோற்றவன் போலத் தோன்றுகிற ஊரில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பது சிரமம்.

நெஞ்சைக் கேட்டால் அது இலங்கையைத்தான் சொல்லியது. சொல்லாமல் இருக்குமா? வ.உ.சி. 1906-இல் தொடங்கிய கப்பல் கம்பெனி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியது; என் பாட்டனாரின் தமையனார் கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்துக்கே திருநெல்வேலி என்றுதான் பெயர். நம் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மட்டும் பெருமையாக வைக்கிற சொதி, அங்கே இடியாப்பத்தோடு அன்றாடம் வைக்கிற குழம்பு. பனை, கிணற்றடி, வேலி, கோவில் திருவிழா என்று கண்ணுக்குப் பழகிய எல்லாம் இருக்கும்.

இருந்தும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் நீ இருக்கிற தெருவில்தான் இருக்கிறது. உன் பக்கத்து வீட்டுக்காரர் சாவகச்சேரிக்காரர் என்றும், மாலையில் அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது தன் வீட்டுக் கிணற்றைப் பற்றியே திரும்பத் திரும்பச் சொல்வார் என்றும் எழுதியிருந்தாய். அப்படி விட்டுவர வேண்டியிருந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர் ஸ்கார்பரோவில் இருக்கும்போது, பென்ஷன் பணத்தோடு நான் போய், நல்ல காற்றும் சொதியும் கிடைக்கிறது என்பதற்காக அவர்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் குடியேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. போர் 2009-இல் முடிந்துவிட்டது, இப்போது எல்லாரும் சுற்றுலா போகிறார்கள் என்பது உண்மைதான். பத்து நாள் போய்வர எனக்கும் தடையில்லை. வாழப்போவது வேறு. உரியவர்கள் ஊரில் இல்லாத இடத்தில் வந்தவன் சுகமாக உட்கார்ந்திருப்பது எப்படி?

ஆகவே என் விடை மலேசியா. அதிலும் பினாங்குத் தீவு, அதிலும் ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி. என் மைத்துனர் கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் அங்கே போய்த் தங்கியிருந்தது உனக்கு நினைவிருக்கும். பிரான்சிஸ் லைட் 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்ட அந்தத் துறைமுகத்துக்குத் தொடக்க காலத்திலேயே தமிழர்கள் போய்விட்டார்கள். மலாயாவில் தமிழ்க் கல்வி அங்கேதான் 1816-இல் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் ஏறியவர்கள் முதலில் கண்ட மலாயாக் கரையும் அதுதான்.

பெரிய தெரு ஒன்றில் நடந்தால் புனித ஜார்ஜ் தேவாலயமும், சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோவிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் வரிசையாக வருகின்றன. சற்றே ஒதுங்கினால் 1833-ஆம் ஆண்டு மகா மாரியம்மன் கோவில். இவையெல்லாம் என் முழங்காலுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவை என்பதுதான் எனக்கு முக்கியம். கடைவீடுகளின் முன்புறம் மாடிக்கு அடியில் கூரையோடு நடைவழி விட்டிருக்கிறார்கள். ஐந்தடி நடைபாதை என்பார்கள். நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராபிள்ஸ் அந்த ஊருக்கு 1822-இல் வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக எழுதப்பட்டு, பிறகு தீபகற்பம் முழுவதும் பரவிய வழக்கம் அது. நம் தெருக்களில் வீட்டுத் திண்ணைகளை எல்லாம் சுவரில்லாமல் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நடக்கலாம். மோட்டார் சைக்கிளை நிறுத்தியும் சரக்குப் பெட்டியை அடுக்கியும் வழியை மறித்து வைத்திருக்கிற கடைக்காரர்கள் அங்கேயும் உண்டு. அந்த இடத்தில் தெருவில் இறங்கி ஏறவேண்டும். நம் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஓரமாக நடந்து பழகியவனுக்கு அது ஒரு பொருட்டல்ல.

சாப்பாட்டுக்கு இலைச் சோற்றுக் கடைகள் இருக்கின்றன. சீனர்களிடையே பௌத்த வழக்கப்படி புலால் விலக்கிய உணவகங்களும் உண்டு என்பதால் சைவக்காரன் பட்டினி கிடக்கமாட்டான். தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனுக்குச் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். நாங்கள் போனது வேறு மாதத்தில் என்பதால் அதை நான் நேரில் பார்க்கவில்லை. மருத்துவமனைகளைத் தேடிச் சுமத்ராவிலிருந்து ஆட்கள் வந்துபோகிறார்கள் என்றால் என் சர்க்கரைக்கு அங்கே வழி இருக்கும். தேநீர்க் கடையில் தமிழில் கேட்டேன், தமிழில் விலை சொன்னார்கள்; கடைக்காரரின் பாட்டனார் இராமநாதபுரம் பக்கம். அரை மணி நேரம் பேசினோம்.

நீ எழுப்பப்போகிற ஆட்சேபணை எனக்குத் தெரியும். இலங்கைக்குச் சொன்ன காரணம் மலேசியாவுக்குப் பொருந்தாதா என்பாய். ரப்பர்த் தோட்டங்களில் நம் மக்கள் பட்ட பாடும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் சேர்ந்தே போனதும், மலாய்க்காரர்களுக்கு முன்னுரிமை தந்த 1971-இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பிறகு தாங்கள் பின்தள்ளப்பட்டதாக அவர்கள் கொண்ட மனக்குறையும், அது 2007 நவம்பரில் கோலாலம்பூர் வீதிகளில் வெடித்ததும் நானும் அறிந்தவையே. தமிழ்ப் பள்ளிகள் ஐந்நூறுக்கு மேல் இருந்தாலும் அவை ஆறாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஆனால் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், கணபதி. அந்தத் தேநீர்க் கடைக்காரர் அரை மணி நேரம் என்னிடம் சொன்னதில் பாதி அரசாங்கத்தைப் பற்றிய குறைதான். குறைசொல்ல ஆள் இருக்கிற ஊரில் குடியிருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கவாவது நான் பயன்படுவேன்.

உன் மதினியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பினாங்கு பிடிக்காமல் இல்லை. ஆனால் என் அளவுகோலே ஆண்பிள்ளையின் அளவுகோல் என்கிறாள். காலையில் வெளியே போய் நாலு பேரிடம் பேசுவது பெரிதல்ல, இரவு பத்து மணிக்குத் தனியாகப் பேருந்தில் ஏறி, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர முடிகிறதா என்பதைத்தான் ஒரு பெண் பார்ப்பாள் என்று சொல்லி, அவள் சிங்கப்பூருக்கு வாக்களித்துவிட்டாள். மேசை துடைக்கிற பாட்டிகளைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பாட்டிக்குக் கையில் சொந்தப் பணம் இருக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனவே எங்கள் வீட்டில் தீர்ப்பு ஒருமனதானதல்ல என்பதையும் குறித்துக்கொள்.

மலேசியா என்னை ஏற்குமா என்பது வேறு கதை. அயல்நாட்டார் நீண்டகாலம் தங்குவதற்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். 2024-இல் திருத்திய விதிப்படி அதன் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலரை வைப்புத்தொகையாகக் கட்டவேண்டும். வீடு வாங்குவது அதற்கு மேல். கோடி ரூபாயைத் தாண்டுகிற அந்தத் தொகைக்கு இந்த வீட்டையும் ஆற்றுப்பாசன வயலையும் சேர்த்து விற்கவேண்டியிருக்கும். பிள்ளைகள் அதற்கு என்ன சொல்வார்கள் என்பதை உனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கிவர இப்போது இடம் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. தைப்பூசத்தை ஒட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். திரும்பும் வழியில் சிங்கப்பூரில் சில நாள் என்பது உன் மதினி போட்ட நிபந்தனை.

நீங்கள் இருவரும் அப்போது அங்கிருந்து புறப்பட்டு வரமுடியுமா என்று மகளிடம் கேட்டுப் பார். வரமுடியாவிட்டால், நீ எந்த நாட்டைச் சொல்வாய் என்பதையாவது எழுது. மகளும் பேரனும் இருக்கிற நாட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள நண்பன்,
சங்கரன்.