வந்தவர்கள் ஒரு ராத்திரி தங்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சுற்றுலாத் தலங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், பக்கத்து ஊர்களையும் சேர்த்துத் தொகுப்பாக வளர்க்க வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் செட்டிநாட்டுக்காரி. எங்கள் பக்கம் நடப்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு ஏறியபோது, ஒரு மாளிகையின் பெயரிலோ ஓர் ஊரின் பெயரிலோ ஏறவில்லை. 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்' என்றுதான் பதிவானது. ஆனால் வருகிறவர்களுக்கு அந்தத் தொகுப்பு கண்ணில் படுவதே இல்லை. மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வேன் வரும். கானாடுகாத்தானில் ஒரு வீடு, மதியம் இலைச் சாப்பாடு, பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு. பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். ஊரில் தங்குவது வேன் கிளப்பிய புழுதிதான்.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற ஆத்தங்குடிக்குப் போனாலும் அரை மணி நேரம். அங்கே ஒரு பட்டறையில் ஒரு பெரியவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சை நடுக்கமில்லாமல் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார். அப்புறம் நாள் கணக்கில் தண்ணீரில் ஊறவேண்டும். காய்ந்தபின் கண்ணாடி தானாகக் கழன்று வரும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. இதை அரை மணி நேரத்தில் யார் பார்த்து முடிப்பது? ஒருவர் ஒரு ராத்திரி தங்கினால், தானும் ஒரு கல் போட்டுப் பார்ப்பார். காலையில் வெள்ளைப் பணியாரம் சுடும் அம்மாவுக்கும் ஆட்டோக்காரருக்கும் பால்காரருக்கும் பணம் போய்ச் சேரும். பனை ஓலையில் கொட்டான் என்கிற கூடை முடைகிற பெண்களின் திண்ணையிலும், கண்டாங்கிச் சேலை நெய்கிற தறிக்குழியிலும் உட்கார அவருக்கு நேரம் இருக்கும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலை நெய்கிற வீட்டுக்கு வழிகாட்ட ஒரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை.

போன மாசி மாதம் கானாடுகாத்தான் பஸ் நிறுத்தத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி ஆத்தங்குடிக்கு வழி கேட்டார்கள். காரைக்குடி போய் மாறுங்கள் என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. பக்கத்து ஊருக்குப் போக ஊரைச் சுற்றவேண்டும் என்றால், அதைத் தொகுப்பு என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, மனசு ஆறாத விஷயம். எங்கள் தெருவில் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவு, பட்டாலைப் பலகை எல்லாம் லாரியில் போயின. வளவு என்கிற நடுமுற்றம் இருந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு மட்டும் கூடுவார்கள். மழைக்கு ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகிறது, பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரும் அரிதாகிவிட்டார். இரண்டு அறைகளையாவது விருந்தினருக்கு விட வழியும், பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடனும் கிடைத்தால் பல வீடுகள் பிழைக்கும். வீடு போனபின் எதைக் காட்டி ஆளைக் கூப்பிடுவது?

விடுதி கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது வறண்ட பூமி. எங்கள் முன்னோர் கூரைத் தண்ணீரை வளவில் பிடித்தார்கள், ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள். அதே மண்ணில் ஆழ்துளைக் கிணறு போட்டு நீச்சல் குளம் நிரப்புவது நியாயமில்லை. ஒரு ஊருணியைத் தூர்வாரிப் பராமரிக்க ஒப்புக்கொண்டால்தான் அனுமதி என்று விதி வைக்கவேண்டும்.

இப்படி ஊரைச் சேர்த்து யோசிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. குன்றக்குடி மடத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார், காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் விஞ்ஞானிகளைத் துணைக்கு அழைத்து, கிராமத்துக்குள்ளேயே சிறுதொழில்களைக் கொண்டுவந்தார். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் பறவைகள் மிரளக்கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அந்தக் கண்மாய்க் கரையையும் தொகுப்பில் சேர்க்கவேண்டும்; ஆனால் எத்தனை பேர் வரலாம் என்பதை அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும்.

பெரிய திட்டம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு, சனி, ஞாயிறு மட்டுமாவது செட்டிநாடு ரயில் நிலையத்தில் புறப்பட்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று சுற்றிவர ஒரு சிறிய பஸ் விடும்படி தங்கள் இதழ் வழியாக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்பே ஆத்தங்குடிக்கு வருகிறாற்போல் விடவேண்டும். பட்டறையில் அதற்குமேல் அச்சு எடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்