பாதுகாப்பு லிவரைக் கட்டிவைத்துவிட்டுப் போன உங்கள் மெக்கானிக்

அனுப்புநர்:
ஒரு வாடிக்கையாளர், கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: புல்வெட்டும் மெஷினின் பாதுகாப்பு லிவரைச் செயலிழக்கச் செய்தது, வாரன்டியை மறுத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கரண்டில் ஓடும் உங்கள் புல்வெட்டும் மெஷினைப் போன வருடம் வாங்கினேன். வெட்டிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று போகிறது என்று சர்வீஸுக்குச் சொன்னேன். கைப்பிடியில் அழுத்திப் பிடித்தால் மட்டும் பிளேடைச் சுற்றவிடும் பாதுகாப்பு லிவரை முழுதாக அழுத்தினாலும் உள்ளே சுவிட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. அதை மாற்றினால் முடிந்துபோகிற வேலை. வாரன்டியும் இருக்கிறது.

உங்கள் மெக்கானிக் வந்தபோது வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார். வந்தவர் சுவிட்ச் பெட்டியின் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் வயர் கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் டேகால் (கேபிள் டை) இரண்டு இடத்தில் இறுக்கினார். நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினார். “இனிமே நிக்காது சார், கையும் வலிக்காது. ஆன், ஆஃப் எல்லாம் பிளக்லயே பண்ணிக்கலாம்” என்றாராம். ஜாப் கார்டில் ‘பழுது நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த முறை புல் வெட்டியபோது வந்தது வினை. எங்கள் பக்கம் கிக்குயு புல். மழைக்குப் பிறகு வெட்டினால் பிளேடு மூடிக்குள் களிபோல அப்பிக்கொள்ளும். தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் விவரமானவர். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மெஷினைச் சாய்த்து, குச்சியால் சுரண்டி எடுத்தார். நிமிர்த்தி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பிளக்கைச் சொருகினார். பிடிக்க ஆளில்லாமலே பிளேடு சுற்ற ஆரம்பித்துவிட்டது. மெஷின் சரிவில் குலுங்கிக்கொண்டே இறங்கித் தன் வயர் மேலேயே ஏறி அதை வெட்டியது. கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டிருந்ததால் உடனே டிரிப் ஆனது. அந்த நேரம் அங்கே யார் காலும் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். கரண்ட் இல்லையே என்று பிளக்கைப் பிடுங்காமல் ஒருவர் புல்லை எடுக்கக் கையை விட்டிருந்தால்? லிவர் கட்டியிருக்கும் மெஷின், கரண்ட் வந்த அந்தக் கணமே சுற்றும். சரிவில் வழுக்கி விழுந்தாலும் அப்படித்தான். விழுகிறவன் கையை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த லிவரே இருக்கிறது? அமெரிக்காவில் தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் கையை எடுத்த 3 விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்ற விதி 1982-லிருந்தே இருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். லிவரை எதனாலும் கட்டாதீர்கள் என்று உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறீர்கள், பொடி எழுத்து ஆங்கிலத்தில். உங்கள் மெக்கானிக்கே அதைப் படித்திருப்பாரா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் போனில் சொன்னதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது: “வாடிக்கையாளர் மெஷினில் மாற்றம் செய்திருப்பதால் வாரன்டி செல்லாது.” கட்டியது உங்கள் ஆள், பழி எங்கள் மேலா? ஜாப் கார்டின் நகல், டேக் கட்டிய லிவரின் போட்டோ, வேலை முடிந்ததும் அதே மெக்கானிக் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். அவர் அனுப்பிய படத்தில் டேக் பளிச்சென்று தெரிகிறது.

சுவிட்சையும் வெட்டுப்பட்ட வயரையும் செலவில்லாமல் மாற்றிக் கொடுங்கள். கையை எடுத்ததும் பிளேடு நிற்கிறதா என்று என் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம், இதைவிட அவசரமான ஒன்று: இந்த மெக்கானிக் போன மற்ற வீடுகளுக்கும் இன்றே போன் செய்து, லிவர் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் டேகை எடுத்த வேகத்தைப் பார்த்தால் இது முதல் தடவை மாதிரி இல்லை என்கிறார் அப்பா. அந்த மனிதரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. சுவிட்சைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர் ஏன் டேகைத் தேடப் போகிறார்?

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு, தயாரிப்பாளர், சர்வீஸ் செய்பவர் ஆகியோரின் பொறுப்பைச் சொல்லும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84, 85-ஆம் பிரிவுகளின் கீழ் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். டேகை நான் வெட்டவில்லை. உங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை மெஷின் அப்படியே ஷெட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்